மூன்று நொடித் தாமதம்

காலைப் பணிக்கு வந்து உட்கார்ந்ததும் மெட்டில்டா முதலில் திரையில் எடுத்துப் பார்ப்பது பள்ளிக்கூட வாசல்களைத்தான். அங்கேதான் கூட்டம் அதிகம், அவசரமும் அதிகம். காட்சி ஓர் இடத்தில் துள்ளினாலும் ஏதாவது ஒரு பிள்ளை விழும். அன்றைக்கு எதுவும் துள்ளவில்லை. ஒரு பையன் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனான். அவள் அவனைத் தெரு முனை வரை பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனாள்.

அந்தப் பையனின் முகத்துக்கு முன்னால் உண்மையில் இருந்தது வெறும் வெள்ளை. பங்குனி பிறந்ததும் கடலில் வரிசையாக நிற்கும் பீய்ச்சுக் கப்பல்கள் உப்புநீரைத் தூளாக்கி மேலே ஏற்றத் தொடங்கும். இரண்டு நாளில் தூத்துக்குடி முழுவதும் குளிர்மூட்டம் இறங்கிவிடும். வெயில் அதற்கு மேலேயே நின்றுகொள்ளும். மூட்டம் வருவதற்கு முந்தைய கோடைகளில் எத்தனை பேர் சுருண்டு விழுந்தார்கள் என்பது ஊருக்கு நினைவிருந்ததால், யாரும் மூட்டத்தைக் குறை சொல்வதில்லை. ஆனால் அதற்குள் நின்றால் நீட்டிய கையின் விரல் தெரியாது. ஆவணி வரை அப்படித்தான்.

அதனால்தான் பார்வைக்கவசம். நெற்றியிலிருந்து மோவாய் வரை மூடும் கண்ணாடி. கீழ்ப்பகுதியில் காற்றை வடிகட்டும் சல்லடை. தெருவெல்லாம் நட்டிருக்கும் கம்பங்களில் வெப்பக்கண்கள் இருந்தன. மூட்டத்தை ஊடுருவிப் பார்ப்பவை அவைதான். அந்தக் கண்கள் அனுப்பும் காட்சிகளை ஒன்றோடொன்று கலந்து, நிறமேற்றி, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதுபோல் மாற்றி, அவரவர் கவசத்துக்கு அனுப்புவது காட்சிக்கூடத்தின் வேலை. மெட்டில்டா அங்கே கலப்பாளர்.

அவள் வேலை செய்த இழைத்தளத்தில் எழுத்தே கிடையாது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலை. ஒரு பெட்டி காட்சியைத் திறக்கும், ஒன்று நிறம் சேர்க்கும், ஒன்று இரண்டு காட்சிகளைக் கலக்கும். பெட்டிக்குப் பெட்டி விரலால் இழை இழுத்து இணைத்தால் போதும், நிரல் ஓடத் தொடங்கிவிடும். ஒருவர் தெருவில் நடக்கும்போது பின்னால் விட்ட கம்பத்தின் காட்சி மெல்ல எடை குறைந்து மங்கும்; முன்னால் வரும் கம்பத்தின் காட்சி எடை கூடித் தெளியும். நடப்பவருக்கு அது ஒரே பார்வைதான்.

போன கோடை வரை இது ஒழுங்காக நடக்கவில்லை. எடை பூஜ்யமாகிவிட்ட காட்சிகளையும் இயந்திரங்கள் விடாமல் திறந்துகொண்டே இருந்தன. யாரும் வராத பந்திக்கு இலை போட்டுப் பரிமாறி, அப்படியே வாரிக் கொட்டுவது போல. மின்சாரம் அதில் போயிற்று. கவசங்கள் திக்கித் திணறின. ஜனங்கள் தலைசுற்றி நடுத்தெருவில் வாந்தியெடுத்தார்கள். மெட்டில்டாதான் அதை மாற்றினாள். யாரும் பார்க்காத கண்ணைத் தூங்க வைத்தாள். ஒரு கவசத்துக்கு எந்த நேரத்திலும் இரண்டு நேரடிக் காட்சிகள் மட்டும். தூங்கும் கண்ணின் பங்கு, அது விழித்திருந்தபோது எடுத்த சிறு காட்சித் துணுக்கால் நிரப்பப்படும். துணுக்கு சுழன்று சுழன்று ஓடும். இலை அசையும், கொடியில் துணி ஆடும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. யாராவது ஒரு மூலையை எட்டிப் பார்த்ததுமே அங்கே உள்ள கண்ணை எழுப்பினால், ஊரே தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான கண்கள் விழித்து விழித்து மூடும். அதற்கு அவள் ஒரு தாமதப்பெட்டி போட்டாள். ஒருவர் ஓரிடத்தை விடாமல் மூன்று நொடி பார்த்தால்தான் அந்தக் கண் எழும். அதன் பிறகு கவசங்கள் திக்கவே இல்லை. பிள்ளைகள் மூட்டத்துக்குள் ஓடினார்கள். மிச்சமான மின்சாரம் குடிநீர் ஆலைக்குப் போயிற்று.

நண்பகல் கழிந்து அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

“ஷெரினக் கூப்பிட யாரும் வரலயே மேடம்,” என்றார் ஆசிரியை. “அவ அப்பா வாறதாச் சொன்னா. மத்தப் பிள்ளைய எல்லாம் போயாச்சு.”

“கெளம்பி ரொம்ப நேரம் ஆச்சே. கொஞ்சம் உள்ளயே வச்சிருங்க டீச்சர். நான் பாக்கேன்.”

அவள் கணவர் கிளாட்வின் பனிக்கட்டி ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். அன்று அரைநாள் விடுப்பு. கவசத்திலேயேதான் தொலைபேசியும் இருக்கிறது. அவள் அழைத்தாள், மணியே அடிக்கவில்லை. ஆலைக்கு அழைத்தாள். பதினொரு மணிக்கே புறப்பட்டுவிட்டார் என்றார்கள். யார் எங்கே நடந்தார்கள் என்பதைச் சேமிக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே எந்த வழியில் போனார் என்று பார்க்க முடியாது.

ஆலையிலிருந்து பள்ளிக்குப் போகிற பாதையை அவள் திரையில் எடுத்தாள். மீன் ஏலக்கூடம், ரயில் கேட், பழைய உப்புக் கிடங்குகள். தெருக்கள் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கிடங்குகளின் பக்கம் ஒரு பூவரச மரம். பழுத்த இலை ஒன்று சுற்றிக்கொண்டே விழுந்தது. அவள் அடுத்த காட்சிக்குப் போக விரலை எடுத்தாள். அதே இலை மறுபடி விழுந்தது.

அவள் விரல் அப்படியே நின்றது. இலை மூன்றாவது முறையும் விழுந்தது, அதே சுற்று, அதே இடம். அவள் தேடிக்கொண்டிருந்தது தெருவில் அல்ல. தான் சுழலவிட்ட துணுக்குகளில்.

பாதையில் இருந்த கண்களை ஒவ்வொன்றாக எழுப்பினாள். ஒவ்வொன்றும் சூடாகி விழிக்க நேரம் எடுத்தது. எதிலும் அவர் இல்லை. வேறு பாதையில் போயிருக்கிறார். அவசரத்துக்குக் குறுக்கே எங்காவது நுழைந்திருப்பார். அது அவர் வழக்கம்தான். கவசம் உடைந்திருந்தால் அழைப்பு போகாதது புரிகிறது. ஆனால் கவசம் உடைந்தால் சல்லடையும் உடைந்ததாகத்தான் அர்த்தம். மூட்டத்தை அப்படியே சுவாசித்தால் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகிவிடும். அவர் போய் ஏற்கெனவே இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஊரில் நாலாயிரம் கண்கள். ஒவ்வொன்றாக எழுப்பினால் பொழுது சாய்ந்துவிடும்.

அவள் எழுந்து மேற்பார்வையாளர் இசக்கிராஜின் அறைக்குப் போனாள். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

“சார், எல்லாக் கண்ணையும் ஒரே நேரத்துல தொறக்கணும்.”

“எதுக்கு?”

சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“போலீஸ்ல சொன்னியா?”

“சொல்லிட்டேன். ஆள அனுப்புதோம்னாவ. அவுகளும் கவசம் போட்டுட்டுத்தான சார் போவாவ. நான் காட்டுததத்தான பாப்பாவ.”

“எல்லாத்தையும் தொறந்தா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா? ஊர்ல ஒரு கவசத்துலயும் படம் ஓடாது. விட்டு விட்டு வரும். ரெண்டு வருசத்துக்கு முன்ன அப்பிடி நின்னப்ப பஸ்ஸுல இருந்து எறங்குன அம்மா என்ன ஆனா? படி இருக்குன்னு கால வச்சா. படி இல்ல. அவ மகன் வந்து இந்த ரூம்லதான் உக்காந்திருந்தான். நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.”

“அன்னைக்கு யாருக்கும் முன்கூட்டிச் சொல்லல சார். இன்னைக்குச் சொல்லிட்டுச் செய்வோம். நின்ன எடத்துலயே நில்லுங்கன்னு சொல்லுவோம்.”

“ஒரு ஆளுக்காக ஊரையே நிறுத்தணுங்கியா?”

“நிறுத்தாம அந்த ஒரு ஆள எப்பிடி சார் பாக்கது?”

அவர் சன்னலைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. பிறகு மேசையில் இருந்த தன் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்து முடித்து, “ஒன் வீட்டுக்காரருங்கதால செய்யல,” என்றார். “நாளைக்கு வேற யாரும் வந்து கேட்டாலும் இதத்தான் செய்யணும். அத மனசுல வச்சுக்கிட்டுப் போ. அறிவிப்ப நானே சொல்லுதேன்.”

அவர் அறிவிப்புக்குப் போக, மெட்டில்டா இழைத்தளத்தின் முன் உட்கார்ந்தாள். நாலாயிரம் காட்சிகளை நாலாயிரமாகப் பார்க்க எந்த மனிதராலும் முடியாது. கலப்புப்பெட்டியைத் திறந்தாள். சேர்ப்பதற்கு இருந்த பெட்டி அது. அதில் கழிக்கவும் முடியும். ஒவ்வொரு கண்ணின் நேரடிக் காட்சியிலிருந்தும் அந்தக் கண்ணின் துணுக்கைக் கழித்தால் இரண்டிலும் ஒன்றாக இருப்பதெல்லாம் கறுப்பாகிவிடும். துணுக்கில் இல்லாதது மட்டும் வெளுத்துத் தெரியும். இழைகளை இழுத்தாள். அவசரத்தில் ஓர் இழை தவறான பெட்டியில் போய் ஒட்டியது. பிடுங்கி மறுபடி இழுத்தாள். தாமதப்பெட்டியை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

இசக்கிராஜின் குரல் ஊரின் எல்லாக் கவசங்களிலும் கேட்டது.

“காட்சிக்கூடத்துலேர்ந்து பேசுதோம். இப்ப கொஞ்ச நேரம் ஒங்க பார்வை மங்கும். யாரும் பயப்படாதிய. நடக்கிறவுக நின்ன எடத்துலயே நில்லுங்க. வண்டி ஓட்டுதவுக ஓரங்கட்டி நிறுத்துங்க. படியில இருக்கிறவுக உக்காந்துக்கோங்க. ஒரு ஆளத் தேடுதோம். தயவுசெஞ்சு நில்லுங்க.”

ஊர் நின்றது. ஏலக்கூடத்தில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் ஒதுங்கின. கடைவீதியில் தராசைத் தூக்கிப் பிடித்தபடியே ஒருவர் நின்றார். எல்லோரும் அசையாமல் நின்றுவிட்டார்கள் என்று இசக்கிராஜ் கையசைத்ததும் மெட்டில்டா எல்லாக் கண்களையும் திறந்தாள்.

பெருந்திரை சிறு சிறு கட்டங்களாகி இருண்டது. இருட்டில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தோன்றின. சாலைகளிலும் நிறுத்தங்களிலும் கவசம் போட்டுக் காத்திருந்த ஆட்களையும் வண்டிகளையும் ஒதுக்கினாள். மீதியில் ஒரு மாடு, குட்டி போட்ட நாய், யாரோ காயப்போட்ட கருவாடு, சரிந்து கிடந்த ஒரு மதில். யாரும் பார்த்திராத ஊரொன்று அங்கே இருந்தது.

மனித உருவம் என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று அசைந்தது. மற்றது அசையவில்லை.

அசையாததைத்தான் அவள் முதலில் திறந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. கட்டம் பெரிதாகிக்கொண்டு வந்த அந்தச் சிறிது நேரத்தில் அவள் மனத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஷெரினிடம் என்ன சொல்வது என்பது வரை.

கிளாட்வின் இல்லை. வேறு யாரோ. பெரிய ஆஸ்பத்திரி பேருந்து நிறுத்தத்தின் பின்புறம், பயணிகள் உட்காரும் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே, ஒருக்களித்துப் படுத்திருந்தார். கவசம் கழன்று பக்கத்தில் கிடந்தது. வெப்பக்கண் உடம்புகளைச் சூட்டை வைத்துத்தான் நிறமேற்றும். அவர் ஏறக்குறைய சுவரின் நிறத்திலேயே இருந்தார், உருவின் ஓரம் மட்டும் பிரிந்து தெரிந்தது. அவருக்கு முன்னால் அதே பெஞ்சில் மூன்று பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துக்கு வந்தவர்கள். அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு அசையாமல் இருந்தார்கள்.

“சார்,” என்றாள் மெட்டில்டா. கட்டத்தைக் காட்டினாள். இசக்கிராஜ் பின்னால் வந்து நின்று பார்த்தார். “அடுத்தத எடு,” என்றார் மெதுவாக. “அசையுதத எடும்மா.”

கிளாட்வின் உப்புக் கிடங்குகளின் பின்புறம், அவள் முதலில் எழுப்பிய கண்களுக்கு எட்டாத ஒரு சுமையேற்றும் மேடையின் கீழே உட்கார்ந்திருந்தார். ஒரு கால் விபரீதமாகத் திரும்பியிருந்தது. சட்டையைக் கழற்றி மூக்கிலும் வாயிலும் கட்டியிருந்தார். ஒரு கை மேலே போய்ப் போய் இறங்கிற்று, யாரையோ கூப்பிடுவதைப் போல. அவர் இருந்த இடத்திலிருந்து பின்தெரு ஆறேழு அடிதான்.

ஆம்புலன்ஸுக்கு மட்டும் காட்சியை ஓடவிட்டாள்; அது போய்ச் சேரும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்கள் உறக்கத்துக்குத் திரும்பின, கவசங்களில் படம் ஓடத் தொடங்கிற்று, தராசு கீழே இறங்கிற்று. பேருந்து நிறுத்தத்தில் போலீஸார் வந்து அவர்களைத் தொட்டு எழுப்பிய பிறகுதான் அந்த மூன்று பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கிளாட்வினுக்கு இரண்டு நாள் பிராணவாயு வைத்தார்கள். மூன்றாம் நாள் பேச விட்டார்கள். காலில் மாவுக்கட்டு.

“மேடையில ஏறிக் குதிச்சா சீக்கிரம் போயிரலாம்னு பாத்தேன்,” என்றார். “கவசத்துல தரை தெரிஞ்சுது. அங்கன இருந்த பலகை தெரியல. கால் மாட்டிக்கிட்டு, முகமடிக்க விழுந்துட்டேன்.”

பலகை துணுக்கு எடுத்த பிறகு யாரோ போட்டது. அவள் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

“ஏன் கூப்பிடல யாரையும்?”

“கூப்பிடாம இருப்பனா? தொண்ட கிழியக் கத்துனேன். காலடிச் சத்தம் கேக்க கேக்கக் கத்துனேன். நாலஞ்சு பேரு நின்னாவ. ஒரு பொம்பள ‘யாரது’ன்னு கேட்டா. ‘இங்கன மேடைக்குக் கீழ’ன்னேன். பக்கத்துல வந்துட்டா, மெட்டி. மூட்டத்துக்குள்ள அவ சேல கரை தெரிஞ்சுது எனக்கு. மூஞ்சிக்கு நேராக் குனிஞ்சு என்னயப் பாத்தா. ‘யாருமே இல்லயே, எங்கருந்து வருது’ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. பயந்துட்டான்னு நெனைக்கேன். வேகமாப் போயிட்டா.”

மெட்டில்டா அவர் கையைப் பிடித்திருந்தாள். “மூணு நொடி பாத்திருந்தா தெரிஞ்சிருப்பிய,” என்றாள்.

“என்ன மூணு நொடி?”

அவள் சொன்னாள். பந்தி, இலை, தாமதப்பெட்டி, எல்லாவற்றையும். அவருக்கு மூச்சு வாங்கியது, கண்ணை மூடிக்கொண்டார்.

“யாருமில்லாத எடத்த மூணு நொடி யாரு பாப்பா?” என்றார் பிறகு. கோபமாகக் கேட்கவில்லை. அது அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் போல இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் இறந்து கிடந்தவர் பெயர் தங்கச்சாமி. உப்பளத்து வேலைக்கு விளாத்திகுளம் பக்கமிருந்து வந்தவர். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வாசல் வரை வந்துவிட்டிருக்கிறார். விழுந்து இரண்டு நாளாகியிருக்கும் என்றார்கள். சல்லடைக்குப் பின்னால் மூக்கு எதையும் அறியாது. அந்த இரண்டு நாளும் அந்தப் பெஞ்சில் ஜனங்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், பேருந்து ஏறினார்கள். யாராவது திரும்பிப் பார்த்துமிருப்பார்கள். சுத்தமான தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார்கள்.

மெட்டில்டா வேலைக்குத் திரும்பி முதலில் செய்தது தாமதத்தைக் குறைத்துப் பார்த்ததுதான். இரண்டு நொடி வைத்தாள். கவசங்கள் லேசாக உதறின. ஒன்றரை வைத்தாள், கடைவீதியில் ஒருவர் கம்பத்தில் முட்டிக்கொண்டார். ஒரு நொடி வைத்த காலையில் பள்ளி வாசலில் மூன்று சைக்கிள்கள் மோதிக்கொண்டன. ஒரு சிறுமிக்குப் பல் உடைந்தது. இழைகளை வேறு வேறு விதமாக இணைத்துப் பார்த்தாள். சுற்றி வளைத்து எப்படிப் போனாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. ஓடுகிறவர்களுக்குத் தெளிவாகக் காட்டவேண்டுமானால் எங்கோ சில கண்கள் தூங்கத்தான் வேண்டும். வீட்டில் அவள் தூங்கவில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரத்தை வைத்துவிட்டு மூலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷெரின் வந்து, “அம்மா, கருகுது,” என்பாள்.

வழியைக் கண்டவர் இசக்கிராஜ். மாநகர மன்றத்தில் போய் அவரே பேசினார். தினமும் ஒரு வேளை ஊர் நிற்கட்டும், அந்த நேரத்தில் எல்லாக் கண்களும் திறக்கட்டும், என்றார். வியாபாரிகள் ஒப்பவில்லை. குடிநீர் ஆலைக்காரர்கள் மின்சாரக் கணக்கு காட்டினார்கள். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்யும் வியாகுலமேரி என்ற பெண், எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “அவுக தலமாட்டுலதான் நான் சோறு தின்னேன்.” அதற்கு மேல் யாரும் கணக்கு காட்டவில்லை.

இப்போது தினமும் பிற்பகலில் சங்கு ஊதுகிறது. ஜனங்கள் பழகிவிட்டார்கள். சங்கு கேட்டதும் நடப்பவர்கள் நிற்கிறார்கள், படிகளில் இருப்பவர்கள் உட்காருகிறார்கள், பேருந்துகள் ஓரம் ஒதுங்குகின்றன. பெருந்திரை கட்டங்களாகி இருள்கிறது. முதல் மாதத்தில் ஒரு தடவை வாய்க்காலில் விழுந்து கிடந்த ஒரு முதியவரை எடுத்தார்கள். உயிர் இருந்தது. இன்னொரு தடவை ஒரு பெண், அவளுக்கு இல்லை.

சித்திரையின் கடைசி வாரம் ஒருநாள் சங்கு ஊதியது. மெட்டில்டா கண்களைத் திறந்தாள். இருட்டில் மாடுகள், நாய்கள், காற்றில் பறந்துவந்த ஒரு தார்ப்பாய். மனித உருவம் எதுவும் இல்லை. கட்டங்களை மேலிருந்து கீழாகப் பார்த்து முடித்தாள். மூட வேண்டிய பொத்தானுக்கு மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு, மறுபடி மேலிருந்து பார்க்கத் தொடங்கினாள். தார்ப்பாயைப் பெரிதாக்கினாள். அதன் அடியில் ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்துக் கட்டத்தைப் பெரிதாக்கினாள்.

“மெட்டில்டா,” என்றார் இசக்கிராஜ் அவள் பின்னாலிருந்து. “யாரும் இல்ல. மூடு. ஊர் நிக்குது.”

“தெரியும் சார்.”

“பிள்ளைய வெள்ளைக்குள்ள நிக்குதுவ.”

“இன்னும் கொஞ்சம்,” என்றாள். கண்ணை எடுக்கவில்லை. “நல்லாப் பாத்துட்டேனான்னு தெரியல.”